இடிமுகனும் முன்மாதிரித் தந்தையும்

காஞ்சிபுரத்தில் எது பட்டு, எது பட்டு இல்லை என்பது தறிச் சத்தத்தில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் விரல் நுனியில் தெரியும். ஆனாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஊரில் ஓர் அலுவலகம் இருந்தது. பட்டுத் தரச்சான்று வட்டார அலுவலகம் என்று பெயர். நெசவாளர் ஒருவர் மாதிரித் துணி கொண்டுவந்து கொடுத்தால், அது பட்டுதான் என்று இருபத்தொரு வேலை நாட்களுக்குள் அவருக்கே தெரிவிப்பார்கள்.

வீரபாகு அங்கே இளநிலை உதவியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தட்டச்சு செய்வது, பதிவேட்டில் ஏற்றுவது, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று சொல்வது ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றையும் தவறில்லாமல் செய்தார். அதனாலேயே பதவி உயர்வுக் கோப்பில் அவரைப் பற்றி எழுத எதுவுமில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் 'இடிமுகன்' என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. இடிமுகன் பகலில் மின்வாரிய லைன்மேன். ஊருக்கு ஆபத்து என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் கையை வைப்பான். நெஞ்சில் மின்னல் அடிக்கும். பறந்துபோய்க் கெட்டவர்களைப் பந்தாடுவான். பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்கும் தொடர். வீரபாகுவுக்கு நாற்பத்தைந்து. ஒரு வாரம்கூட விட்டதில்லை.

அந்தத் தொடரை வைத்து உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் வந்தது. நீலப் பெட்டி, சின்னத் திரை, நாலு பட்டன். கோயில் கருட சேவைத் திருவிழாவுக்குப் போட்டிருந்த கடையில் அதைப் பார்த்தார். கடைக்காரர், "பையனுக்கா சார்?" என்று கேட்டார். வீரபாகுவுக்குப் பையன் கிடையாது. "ஆமா" என்றார்.

வாங்கியதற்குக் காரணம் சண்டைக் காட்சிகள் இல்லை. ஒவ்வொரு லெவல் முடியும்போதும் மணி அடித்து, ஒரு நட்சத்திரம் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு குரல், "சபாஷ், வீரா!" என்று சொல்லும். அது யாரைச் சொல்கிறது என்று அவர் ஆராயவில்லை. மதியச் சாப்பாட்டை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, ஸ்டோர் ரூமில் மாதிரித் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, தினமும் இரண்டு மூன்று முறை சபாஷ் வாங்கிக்கொண்டார்.

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, துணை இயக்குநர் ரத்னமாலா சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்தார். வீரபாகு பதற்றத்தில் கேமை அணைக்காமல் மேசை டிராயருக்குள் தள்ளினார். தள்ளிய வேகத்தில் சத்தம் கூடிவிட்டது. ரத்னமாலா அவர் மேசைக்கு எதிரே வந்து நின்று, "எத்தனை மாதிரி நிலுவையில இருக்குது?" என்று கேட்ட அதே நொடியில் டிராயருக்குள்ளிருந்து ஒரு கம்பீரமான குரல் எழுந்தது.

"தீமையே! உன் முகவரி எனக்குத் தெரியும்!"

அலுவலகம் அசையாமல் நின்றது. கண்காணிப்பாளர் துரைக்கண்ணு, அந்தக் குரல் இன்னும் பெரிய அதிகாரியுடையதாக இருக்கலாம் என்ற முன்யோசனையோடு எழுந்து நின்றார்.

ரத்னமாலா டிராயரைத் திறக்கச் சொன்னார். நீலப் பெட்டி வெளியே வந்தது. திரையில் இடிமுகன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"இது யாருது?"

"எம் பொண்ணுது மேடம்" என்றார் வீரபாகு. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. "ரொம்ப விளையாடுது. அதான் காலையில பிடுங்கிக்கினு வந்துட்டேன்."

மெமோ வரும் என்று எதிர்பார்த்தார். ரத்னமாலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை முதல்முறையாகப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் விளையாடுவா?"

"நேரம் கெடச்சா போதும் மேடம். சோத்தகூட அள்ளிப் போட்டுக்கினு ஓடும். யாரும் பாக்காத எடமா தேடிப் போயி உக்காந்துக்கும்."

இந்த விவரங்கள் எல்லாம் உண்மை. ஆளைத்தான் மாற்றியிருந்தார்.

"பாத்தீங்களா துரைக்கண்ணு?" என்றார் ரத்னமாலா. "நாடு முழுக்கப் பிள்ளைங்க கையில திரை. பிடுங்கறதுக்கு ஒரு தகப்பனுக்கும் தைரியம் இல்லை. நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் பிடுங்கியிருக்கார். இதை நாம சும்மா விடக் கூடாது."

சும்மா விடவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. நீலப் பெட்டிக்குப் 'பொருள் எண் 1' என்று சீட்டு ஒட்டினார்கள். அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவர் வீரபாகு மட்டும்தான் என்பதால், அறிக்கையை அவரே அடிக்க வேண்டியிருந்தது. 'இவ்வலுவலக இளநிலை உதவியாளரின் மகள் செல்வி அபிநயா (வயது 15) மேற்படி கருவிக்கு அடிமையாகி' என்று அடித்தபோது துரைக்கண்ணு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"'அடிமையாகி'க்கு முன்னால 'முழுமையாக'ன்னு போடுப்பா. மேல போற பேப்பரு, வெயிட்டா இருக்கணும்."

வீரபாகு 'முழுமையாக' என்று சேர்த்தார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தார்.

பொருள் எண் 1 ஆய்வுக்காகத் துரைக்கண்ணுவிடம் போயிற்று. அவர் ஆறு நாள் ஆராய்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ந்தார். 'கருவியின் தீமை ஐந்தாம் நிலை வரை கண்டறியப்பட்டது. மேற்கொண்டு ஆராய உயர் அலுவலரின் அனுபவம் தேவைப்படுகிறது' என்று குறிப்பெழுதி ரத்னமாலாவுக்கு அனுப்பினார். ரத்னமாலா ஒன்பது நாள் வைத்திருந்தார். இடையில், பொருளுக்கு உரிய சார்ஜரை உடனே அனுப்பிவைக்குமாறு அவசரக் கடிதம் ஒன்று வந்தது. பெட்டி திரும்பி வந்தபோது வீரபாகு அதை ரகசியமாகத் திறந்து பார்த்தார். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் ஆர்.எம். இரண்டாவது டி.கே. இரண்டு மாதம் உழைத்திருந்த வி.பி. மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தார்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. 'திரை விடுதலை வாரம்' கொண்டாடப்படும். ஒவ்வொரு பணியாளரும் தம் பிள்ளையிடமிருந்து ஒரு கருவியாவது பறிமுதல் செய்து ரசீது இணைக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும்.

அலுவலக உதவியாளர் முனிசாமியின் மகனுக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அவன் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஒப்படைத்தார். ஷிப்ட் மாறியதைச் சொல்லக் கம்பெனிக்கு நம்பர் இல்லாததால், பையன் இரண்டு நாள் காலையில் வேலைக்குப் போய், சாயங்காலம் வரச்சொன்னதால் திரும்பி வந்தான். பிடுங்குவதற்கு எதுவுமில்லாதவர்கள் கடையில் கேம் வாங்கி, அதைப் பிள்ளை கையில் ஒரு நிமிடம் கொடுத்து, பிடுங்கினார்கள். பிள்ளைகள் அழுதார்கள். அழுததற்கு ஃபோட்டோ இணைக்கப்பட்டது. வார இறுதியில் அலுவலகத்தில் நாற்பத்தொரு கருவிகள் சேர்ந்தன. துரைக்கண்ணு அவற்றை ஆய்வு செய்யத் தனி அறை ஒதுக்கினார்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து குப்புசாமி என்ற நெசவாளர் தன் சான்றுக்காக மூன்றாவது முறையாக வந்தார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சான்று இல்லாமல் அவர் புடவைகளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"இந்த வாரம் சான்று கெடையாதுங்க" என்றார் வீரபாகு. "பிள்ளைங்கள காப்பாத்திக்கினு இருக்கோம்."

குப்புசாமி சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படித்தார். அதில் வீரபாகுவின் படமும், 'முன்மாதிரித் தந்தை' என்ற எழுத்தும், கீழே அபிநயாவின் பெயரும் பள்ளியும் இருந்தன.

"ஏம்பா, நான் நெய்யறது பட்டுன்னு சொல்ல உங்களுக்கு இருபத்தொரு நாளு ஆவுது. உம் பொண்ணு கெட்டுப்போச்சின்னு சொல்றதுக்கு ஒரே நாளு போதுமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நடைமுறை தெரியாமல்தான் கேட்டார். வீரபாகு பதிவேட்டைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டார்.

அபிநயா பத்தாம் வகுப்பு. கோ-கோ ஆடுவாள். அந்த வருடம் மண்டலப் போட்டிக்குப் பள்ளி அணியின் கேப்டன். கேமை அவள் கையால் தொட்டதே இல்லை. அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அப்பா முன்னால் நின்றாள். கையில் பள்ளிக்குப் போயிருந்த கடிதத்தின் நகல்.

"இன்னாபா இது?"

அவர் அடித்த அறிக்கைதான், கடிதமாக. முழுமையாக அடிமையாகி.

"காலையில ப்ரேயர்ல ஹெச்.எம். படிச்சாங்க. இனிமே டெய்லி சாயந்திரம் எனக்குக் கவுன்சிலிங்காம். பிராக்டிஸ் டைம்ல. கவனம் செதறுற புள்ள கேப்டனா இருக்கக் கூடாதுன்னு பி.டி. டீச்சர் என்னைத் தூக்கிட்டாங்க. எம் பின்னால ஒருத்தி 'இடிமுகி'ன்னு கூப்புடுறா." அவள் குரல் உயரவில்லை. "நான் இன்னாபா பண்ணேன்?"

உள்ளே சங்கீதா, அவர் மனைவி, புடவை முந்திக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

வீரபாகு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கருட சேவைக் கடையிலிருந்து ஆரம்பித்தார். சபாஷ் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது சொல்கிற மாதிரி இல்லை. கடைசியில், "ஒரு வாரம்தாம்மா. விழா முடிஞ்சா கோப்ப மூடிடுவாங்க. இப்ப போயி மாத்திச் சொன்னா பொய் அறிக்கைன்னு மெமோ குடுப்பாங்க. வேலைக்கே வம்பாப் பூடும்" என்றார்.

அபிநயா அவரையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழுதிருந்தால் தேவலை.

"விழாவுல நான் இன்னா பண்ணணும்?"

"ஒரு பக்கம் எழுதித் தருவாங்க. படிச்சாப் போதும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனாள்.

சங்கீதா குஞ்சத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பொட்டிய உன்னுதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு பொண்ணு தலையில வெச்சியே. இனிமே இவள எம் பொண்ணுன்னு சொல்லிக்க உனக்கு வெக்கமா இருக்காதா?" என்றாள். அன்றிரவு வீட்டில் தோசை. அபிநயா மூன்று சாப்பிட்டாள். அவரால் ஒன்றைக்கூட விழுங்க முடியவில்லை. அவள் அப்பாவைக் காப்பாற்ற ஒத்துக்கொண்ட விதம் அத்தனை சாதாரணமாக இருந்தது.

விழா சனிக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் பட்டுத் துணி போர்த்திய மேசை மீது பொருள் எண் 1 வைக்கப்பட்டிருந்தது. அபிநயாவின் வகுப்பிலிருந்து நாற்பது பேரைப் பள்ளி அனுப்பியிருந்தது.

துரைக்கண்ணு வரவேற்றுப் பேசினார். "ஒரு அரசு ஊழியன் எப்போதும் விழிப்போடு இருக்க வேண்டும். கடந்த ஒரு மாதமாக எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு சான்றுகூட வழங்காமல், முழு மூச்சாக இந்தப் பணியில் ஈடுபட்டோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்" என்றார். பின்வரிசையில் குப்புசாமி எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்து ரத்னமாலா.

"இந்தச் சின்னப் பெட்டி ஒரு மனுஷரை என்ன பாடு படுத்தும் தெரியுமா? சாப்பாடு இறங்காது. கோப்பு கையில இருக்கும், கண்ணு அதுல இருக்காது. ஒன்பதாவது லெவல்ல ஒரு பாலம் வருது. தாண்டவும் முடியாது, திரும்பவும் முடியாது. கீழே முதலை. நாலு நாள் அங்கேயே நின்னேன்…" சற்று நிறுத்தினார். "நின்னுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன்."

"ரெண்டு தடவ பச்சைப் பட்டன் மேடம்" என்றார் துரைக்கண்ணு, பக்கத்து நாற்காலியிலிருந்து தன்னை மறந்து. மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"அப்படியா?" என்றார் ரத்னமாலா உண்மையான ஆர்வத்தோடு. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இப்படியெல்லாம் நுணுக்கமா ஆராய்ந்தாதான் தீமையை ஒழிக்க முடியும்" என்றார். பலத்த கைதட்டல்.

அபிநயாவை அழைத்தார்கள். அவள் பள்ளிச் சீருடையில் வந்து, எழுதித் தந்த தாளை மைக் முன்னால் பிரித்தாள். "நான் இந்தக் கருவிக்கு முழுமையாக அடிமையாகி இருந்தேன்" என்று படித்தாள். முன்வரிசையில் அவள் வகுப்புப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். "பெற்றோரிடம் பொய் சொன்னேன். யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்துகொண்டேன்." தெளிவான குரல். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. "என் தவறை என் தந்தை…"

அங்கே நின்றாள். தாளில் மீதி இருந்தது.

வீரபாகு எழுந்தார். எழுந்தது தான்தான் என்பது, மைக் உதட்டில் பட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"இது என்னுது" என்றார். "கேமு என்னுது. நான்தான் வெளையாடுனேன். ஸ்டோர் ரூம்ல. எம் பொண்ணு தொட்டதே கெடையாது. நான் பொய் சொன்னேன். லெட்டர அடிச்சதும் நான்தான்."

பிறகு ரத்னமாலா மெல்ல எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாருங்க" என்றார் கூட்டத்திடம். "பிள்ளை தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பொறுக்க முடியாம, பழியைத் தானே சுமக்கிறார். இதுதாங்க தகப்பன்!"

"இல்லீங்க மேடம், நெசமாவே…"

அவர் குரல் கைதட்டலில் போயிற்று. எழுந்து நின்று தட்டினார்கள். யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரைக்கண்ணு ஜரிகை வைத்த சால்வையை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு, காதருகே, "போதும்பா. அறிக்கை மேல போயிடுச்சு. இப்ப உண்மை சொல்லி எல்லாருக்கும் வேலை வைக்காதே" என்றார்.

சால்வைக்குள் நின்றபடி வீரபாகு மகளைத் தேடினார். அவள் மேடையில் இல்லை. படிக்காத தாள் மைக் அருகே கிடந்தது.

அன்று மதியமே எழுத்து மூலமாக ஒப்புதல் வாக்குமூலம் அடித்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. 'மனுதாரர் தம் தவற்றை ஒப்புக்கொள்வதற்கு முன் அனுமதி பெறவில்லை. மேலும் மனுதாரர் தவறு செய்யாதவர் என ஏற்கெனவே கௌரவிக்கப்பட்டுவிட்டதால், மனு பரிசீலிக்க இயலாதது.' கீழே டி.கே. என்று கையெழுத்து.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வீரபாகு பள்ளி மைதானத்துக்குப் போனார். கோ-கோ பெண்கள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அபிநயா ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பி.டி. டீச்சர் விசிலை இறக்கினார். "சார், பேரன்ட்ஸ் உள்ள வரக் கூடாது."

"ரெண்டு நிமிஷம் டீச்சர்."

மைக் இல்லை. மேசை இல்லை. பதினைந்து பெண்களும் ஒரு டீச்சரும்.

"எம் பேரு வீரபாகு. அபிநயாவோட அப்பா. அந்த இடிமுகன் கேம வெளையாண்டது நான். டெய்லி மத்தியானம், துணி மூட்டைக்கு நடுவுல ஒளிஞ்சிக்கினு வெளையாடுவேன். ஒரு லெவல் முடிஞ்சா 'சபாஷ், வீரா'ன்னு சொல்லும். அது என்னச் சொல்றாப்ல இருக்கும். அதுக்காவத்தான் வெளையாண்டேன். மாட்டிக்கினதும் வெக்கம் தாங்காம இவ பேரச் சொல்லிட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஓர் ஒல்லிப் பெண்ணுக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. அடுத்தவள் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. பதினைந்து பேரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

வீரபாகுவுக்குக் காது வரை எரிந்தது. ஆனாலும் நகரவில்லை. அவர்கள் நம்பிவிட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், புது கேப்டன் பேரு போன வாரமே மண்டலத்துக்குப் போயிடுச்சு. இனிமே மாத்த முடியாது. டீம்ல வேணா சேத்துக்கறேன்" என்றார். பிறகு, "அபிநயா, எழுந்து வா. எட்டாவது ஆளா உக்காரு" என்றார்.

அபிநயா பாவாடையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தாள். கேப்டனாக இருந்தவள் கடைசிக் கட்டத்தை நோக்கி நடந்தாள். அப்பாவைக் கடக்கும்போது நின்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கோட்டுக்குள்ள நிக்கிறபா" என்றாள். "வெளிய போய் நில்லு. ஆட்டம் ஆரம்பிக்கணும்."

அவர் குனிந்து பார்த்தார். ஈரச் சுண்ணாம்பில் அவர் செருப்பு பதிந்து கோடு அழிந்திருந்தது. வெளியே போய் நின்றார். அவள் அந்த இடத்தில் சுண்ணாம்பைத் தூவி, கோட்டைச் சரிசெய்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.